பதில் பொருத்தமானதே

தமிழ்ச்செல்வி என்ற மாணவியின் படிப்பை நான் கெடுத்தேன். அதைக் குறித்து இன்னொரு பெண் எழுந்து நின்று சபையறியக் கேட்டபோது, நான் அமர்ந்திருந்த நாற்காலியின் அதிகாரத்தைக் கொண்டு அந்தக் கேள்வியையும் கொன்றேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாத இதை முகமறியாத உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? நீங்கள் என்னைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதாலா?... இருக்கலாம். கேள்விகளுக்கு அஞ்சுகிறவன் நான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் துறைக்குத் தலைவன். வீடு சிதம்பரத்தில். எனக்குப் பெயர் வாங்கித் தந்தது பாடமல்ல. ஆண்டுதோறும் நான் நடத்திய மாதிரி நாடாளுமன்றம். மாணவர்களே அமைச்சர்களாகவும் எதிர்க்கட்சியினராகவும் அமர்ந்து கேள்வி நேரம் நடத்துவார்கள். கடலூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து பார்ப்பார்கள்.

சபாநாயகராகவும் ஒரு மாணவரைத்தான் அமர்த்த வேண்டும். மற்ற கல்லூரிகளில் அப்படித்தான். நானோ அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை! உயர்ந்த முதுகுள்ள அந்த மர நாற்காலியில் சாய்ந்து, "மாண்புமிகு உறுப்பினர் அமரலாம்" என்று சொன்னவுடன் ஒரு கூட்டமே அடங்குவது... வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அது ஒரு போதை.

வகுப்பில் நான் மிகவும் ரசித்து நடத்திய பாடம் ஒன்று உண்டு. அமைச்சர் சொல்லும் பதில் கேட்ட கேள்விக்குப் பொருந்துகிறதா என்று அவைத்தலைவர் எப்படி முடிவு செய்கிறார்? பதில் உண்மையா பொய்யா என்று அவர் ஆராய முடியாது. போதுமானதா என்று அளக்கவும் முடியாது. ஆனால் கேட்டதை விட்டுவிட்டு வேறெங்கோ போகிறவரைக் கேள்விக்குத் திரும்பி வரச் சொல்லலாம். நல்ல அவைத்தலைவர் சொல்வார்.

"பஸ் எத்தனை மணிக்கு வரும்னு ஒருத்தர் கேக்கறார். 'இது புது பஸ்ஸுங்க, சீட்டெல்லாம் மெத்துனு இருக்கும்'னு ஒருத்தர் பதில் சொல்றார். பதில் பஸ்ஸைப் பத்தினதுதான். ஆனா பதிலா?" என்று கேட்பேன்.

வகுப்பே சிரிக்கும். "பொருளைத் தொடுவது வேறு, கேள்வியைத் தொடுவது வேறு" என்று கரும்பலகையில் எழுதுவேன். முதல் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் அதை அப்படியே குறித்துக்கொண்டார்கள். ஒருத்தி எஸ்தர். இன்னொருத்தி தமிழ்ச்செல்வி.

இருவரும் குமராட்சிக்கு அப்பால் கொள்ளிடக் கரையோரம் உள்ள ஒரே ஊர். மினிபஸ்ஸில் குமராட்சி வந்து, டவுன் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து, அங்கிருந்து கல்லூரிக்கு இன்னொரு பஸ். எஸ்தர் வாயாடி, எதற்கும் கை தூக்குவாள். தமிழ்ச்செல்வி பேசமாட்டாள். ஆனால் அவள் எழுதும் விடைத்தாளைத் திருத்தும்போது எனக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படிக்கத் தோன்றும்.

அந்த ஆண்டு மழையில் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கரையோர ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது. எஸ்தர் வெள்ளத்துக்கு முன்பே சிதம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வந்துவிட்டதால் தப்பித்தாள். தமிழ்ச்செல்வி ஊரோடு மாட்டிக்கொண்டாள். தண்ணீர் வடிந்து அவள் மீண்டும் வகுப்புக்கு வந்தபோது வருகைப் பதிவு வெகுவாகக் குறைந்திருந்தது. தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராதவர்களின் பெயர்களில் அவள் பெயரும் இருந்தது.

துறை அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், வேணும்னு லீவு போடல சார். ரோட்டு மேலயே தண்ணி. மினிபஸ்ஸு குமராட்சியோட நின்னுடுச்சு. எங்கப்பா தோள்ல ஏத்தினு வரேன்னாரு, அம்மாதான் விடல."

"தெரியும்மா. பிரின்ஸ்பால் எழுதிக் குடுத்தா போதும், விலக்கு கிடைச்சிடும்."

"நான் நேரா போயி பாக்கட்டா சார்?"

இந்த இடத்தில்தான்... இந்த இடத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்திருக்கலாம்! போ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்!

"நீ போகாதம்மா. அவர் கோவக்காரர். நானே சொல்றேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள்மேல் இரக்கம் என்றா நினைக்கிறீர்கள்? இரக்கமும் கொஞ்சம் இருந்தது. அதைவிட, என் மாணவி ஒருத்தி என்னைத் தாண்டி முதல்வரிடம் போவதை நான் விரும்பவில்லை. வழி என் மூலமாக இருக்க வேண்டும். நன்றி எனக்கு வந்து சேர வேண்டும்.

மறுநாள் முதல்வர் அறைக்குப் போனேன். அவளுக்காக மட்டும் போகவில்லை. மாதிரி நாடாளுமன்றத்துக்குப் பெரிய அரங்கம் வேண்டும். அதே நாளில் வணிகவியல் துறையும் அதைக் கேட்டிருந்தது. முதல்வர் அன்று முகம் கடுத்திருந்தார். அரங்கத்தைப் பற்றிப் பேசினேன். முனகினார், யோசித்தார், கடைசியில் சரி என்றார்.

அடுத்து அவளைப் பற்றிப் பேச வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஒரே மூச்சில் இரண்டு உதவி கேட்டால் கொடுத்ததையும் திரும்பப் பெற்றுவிடுவாரோ என்று ஒரு பயம்... எழுந்தேன். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

நாளை வந்தது. ஒலிபெருக்கிக்காரர் வந்தார். அழைப்பிதழ் அச்சாகி வந்தது. நான் போகவேயில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். உலகம் முழுவதும் நம்பும். ஆனால் நான் மறக்கவில்லை. தாழ்வாரத்தில் அவளைக் கண்ட ஒவ்வொரு முறையும் நினைவு வந்தது. ஒவ்வொரு முறையும் தள்ளி வைத்தேன். விலக்குக் கேட்பதற்கான கெடு முடிந்துபோனது.

"என்ன சார் ஆச்சு?" என்று வந்து கேட்டாள்.

"சொன்னேம்மா. ரொம்ப நேரம் பேசிப் பார்த்தேன். ஒத்துக்கல."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! அவள் அழவில்லை. "பரவால்ல சார். நீங்க கேட்டீங்களே" என்றாள். கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனாள். ஒரு பருவம் வீணானால் வீட்டில் விடுவார்களா? அவள் அப்பா, "போதும், கடைக்கு வேலைக்குப் போ" என்றுவிட்டாராம். எஸ்தர் வகுப்பில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கேளாதவன்போல் கரும்பலகையைத் துடைத்தேன்.

தேர்வுகள் முடிந்தபின் மாதிரி நாடாளுமன்றம் நடந்தது. அரங்கம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் முதல்வர், பக்கத்தில் கடலூரிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்த மூத்த வழக்கறிஞர். மேடைமேல் நான்.

கேள்விகளை முன்கூட்டியே வாங்கி ஒப்புதல் கொடுப்பது வழக்கம். எஸ்தர் கொடுத்திருந்த கேள்வி சாதுவானது: வெள்ளத்தால் பாதிக்கப்படும் கல்லூரி மாணவர்களுக்கு அரசு என்ன உதவி செய்கிறது? கல்வி அமைச்சராக இருந்த பிரகாஷ் மனப்பாடம் செய்த பதிலை முழங்கினான். கைதட்டல்.

எஸ்தர் மீண்டும் எழுந்தாள். துணைக் கேள்வி. அது யார் கையிலும் முன்பே கொடுக்கப்படாதது.

"சபாநாயகர் அவர்களே! கொள்ளிடக் கரையைச் சேர்ந்த மாணவி ஒருவர், வெள்ளத்தால் வர முடியாத நாட்களுக்கு விலக்குக் கேட்டுத் தம் ஆசிரியரிடம் முறையிட்டார். அந்த ஆசிரியர் அதைக் கல்லூரி முதல்வரிடம் தெரிவித்தாரா, இல்லையா? மாண்புமிகு அமைச்சர் அறிவாரா?"

அவள் அமைச்சரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

என் கண்கள் தாமாகவே முதல்வரைத் தேடின. அவர் வழக்கறிஞரின் பக்கம் சாய்ந்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டாரா? கேட்கவில்லை... இன்னும் கேட்கவில்லை.

பிரகாஷுக்குத் திகைப்பு. ஆனால் கெட்டிக்காரப் பையன். "இந்த அரசு வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மாணவர்களைக் கண்ணின் மணிபோலக் காக்கிறது! புத்தகங்கள் வழங்கியது, முகாம்கள் அமைத்தது!" என்று அடித்துவிட்டான். மீண்டும் கைதட்டல்.

எஸ்தர் உட்காரவில்லை.

"ஒழுங்குப் பிரச்சினை, சபாநாயகர் அவர்களே. நான் கேட்டது தெரிவித்தாரா, இல்லையா என்று. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல். பஸ் எப்போது வரும் என்று கேட்டால், அமைச்சர் பஸ் புதுசு என்கிறார்."

என் மாணவர்கள் பின்வரிசையில் கொல்லென்று சிரித்தார்கள். அவர்களுக்கு அது வகுப்பு வேடிக்கை. எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும், அவளுக்கும் தெரியும். சிரிப்புச் சத்தத்தில் முதல்வர் தலை நிமிர்ந்தார்.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு கேள்வி யாரைப் பற்றியதோ, அவனே அதற்கு வந்த பதில் பொருத்தமா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருக்கிறான்! நேர்மையுள்ளவன் என்ன செய்திருப்பான்? நாற்காலியை விட்டு இறங்கியிருப்பான். வேறொருவரை அமர்த்தியிருப்பான். அதுவும் வேண்டாம்... "அமைச்சர் கேள்விக்குத் திரும்ப வேண்டும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதுமே! பிரகாஷ் "எனக்குத் தெரியாது" என்றிருப்பான். அரங்கத்தில் யாராவது ஒருவர், "யார் அந்த மாணவி?" என்று கேட்டிருப்பார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"உறுப்பினரின் கேள்வி வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மாணவரைப் பற்றியது. அமைச்சரின் பதிலும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மாணவரைப் பற்றியது. ஆகவே பதில் பொருத்தமானதே. அமைச்சர் இன்னபடிதான் பதில் கூற வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் இந்த அவைத்தலைமைக்கு இல்லை. உறுப்பினர் அமரலாம். அடுத்த கேள்வி."

ஒவ்வொரு வாக்கியமும் சரி. உலகத்தில் எந்த அவையிலும் அதை எடுத்துக்காட்டித் தற்காத்துக்கொள்ளலாம். அதுதான் அதன் கொடுமை!

எஸ்தர் ஒரு கணம் நின்றாள். பிறகு அமர்ந்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் வழக்கறிஞர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தப் பொண்ணு மடக்கிச்சு பாருங்க, அப்ப ஒரு ரூலிங் குடுத்தீங்களே... என்னா நிதானம் சார்!" என்றார். முதல்வர் பெருமையோடு தலையாட்டினார். கேள்வி அவர் காதில் விழவேயில்லை.

ஒலிபெருக்கிக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த மேடையோரம் எஸ்தர் வந்து நின்றாள்.

"வகுப்புல நீங்க சொன்னது வேற சார்."

"அது வகுப்பும்மா. இது அவை" என்றேன்.

என்னவொரு பதில்! அவள் போய்விட்டாள். அதன்பிறகு இறுதியாண்டு முழுவதும் அவள் கடைசி வரிசையில் அமர்ந்தாள். எதற்கும் கை தூக்கவில்லை. "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணைக் கேட்காதவளாக்கி அனுப்பினேன். இதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து முதல்வர் ஓய்வு பெற்றார். கடலூரில் ஓர் ஓட்டலில் பிரிவுபசார விருந்து. பேச்செல்லாம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அன்றும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"அந்த வருஷ வெள்ளம் ஞாபகம் இருக்கா? பாவம், எத்தன பசங்க அட்டெண்டன்ஸ் இல்லாம மாட்டிக்கிச்சோ. காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரர் பையன் ஒருத்தன்தான் எங்கிட்ட வந்தான், அவுங்கப்பாவ கூட்டினு. அங்கயே எழுதிக் குடுத்தேன். வந்து கேட்டிருந்தா எல்லாருக்கும் குடுத்திருப்பேன்யா. நம்ம கைய விட்டு என்னா போவுது?"

காபித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

எஸ்தர் ஏன் எழுந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பையன் வேறு துறை என்றாலும் அவளுக்குப் பழக்கமானவன். அவனுக்குக் கிடைத்தது தெரிந்திருக்கிறது. தமிழ்ச்செல்விக்கு மட்டும் ஏன் மறுத்தார்கள் என்று யோசித்திருக்கிறாள். சந்தேகத்தை வைத்துக்கொண்டு தோழியிடம் என்னைக் குற்றம் சொல்ல மனமில்லாமல், என் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருக்கிறாள்... நான் அவளை அமரச் சொன்னேன்.

முதல்வரிடம் அந்த நிமிடமாவது சொன்னேனா? "மழை விடாது போலிருக்கு சார்" என்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருக்கமாட்டேன். புதைத்ததைப் புதைத்தபடியே விட்டிருப்பேன்.

அண்மையில் என் மகளுக்கு வளைகாப்பு. புடவை எடுக்க மனைவியோடு சிதம்பரம் மேலவீதியில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். மாடியில் பட்டுப் பிரிவு. நாங்கள் உட்கார்ந்ததும் விற்பனைப் பெண் ஒருத்தி எங்களிடம் விரைந்து வந்தாள்.

"சார்! என்ன தெரியுதா? தமிழ்ச்செல்வி சார், குமராட்சிப் பக்கம்!"

உடல் பெருத்திருந்தாள். கழுத்தில் தாலிக்கயிறு. கண்கள் மட்டும் அதே கண்கள். மனைவி, "உங்க ஸ்டூடண்டா?" என்று மலர்ந்தாள். அவ்வளவுதான், தமிழ்ச்செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"சாரு மாதிரி யாரும்மா வருவாங்க? எனக்காக பிரின்ஸ்பால்கிட்ட போயி அவ்ளோ நேரம் பேசினாரு. அவுருதான் மனசு எறங்கல. எங்க வீட்டுக்காரர்கிட்ட கூட அடிக்கடி சொல்லுவேன், எங்க சாரு தங்கம்னு."

மனைவி என்னைப் பெருமையோடு பார்த்தாள். நான் புடவையின் கரையைத் தடவிக்கொண்டிருந்தேன். என்ன நிறம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

"சார், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. அன்னிக்கி அவுரு என்னா சொல்லி வேணாம்னாரு? எங்கப்பா சாவற வரைக்கும் அத கேட்டுனே இருந்தாரு சார். 'என் பொண்ணுக்கு மட்டும் ஏன் குடுக்கல, நாம ஏழன்னா?'னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல."

மேடை இல்லை. நாற்காலி இல்லை. அடுத்த கேள்வி என்று சொல்ல முடியாது. நேருக்கு நேர் ஒரு கேள்வி. உண்மையான பதில் என் ஒருவனிடம் மட்டுமே இருந்தது. மனைவி பக்கத்தில். மடியில் மகளுக்கான புடவை.

"ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், யாருக்கும் விலக்குத் தர முடியாதுன்னு சொன்னாரும்மா" என்றேன்.

நல்ல மனிதர் ஒருவரின் வாயில், அவர் சொல்லாத, சொல்லியிருக்கவே மாட்டாத சொற்களை வைத்தேன்.

அவள் மெல்லத் தலையசைத்தாள். முகத்தில் ஏதோ இறுக்கம் தளர்ந்தது.

"அப்ப எல்லாருக்கும் அப்பிடித்தானா... எனக்குன்னு மட்டும் இல்ல. இது தெரிஞ்சிருந்தா எங்கப்பா மனசு ஆறியிருக்கும் சார்."

அவள் ஆறுதல் அடைந்தாள். என் பொய்யினால் ஆறுதல் அடைந்தாள்! இனி உண்மையைச் சொன்னால் எதை எடுத்துக்கொள்வேன் அவளிடமிருந்து? ரைஸ்மில்காரர் மகனுக்குக் கிடைத்தது என்று சொல்லவா? உன் அப்பா சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் ஆள்தான் வேறு என்று சொல்லவா? அல்லது... இதுவும் நான் எனக்காகக் கண்டுபிடித்த சாக்குத்தானா? அவள் மனம் புண்படுமே என்கிறேன். புண்படப்போவது அவள் மனமா, அவள் மனத்தில் இருக்கும் என் உருவமா?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி அவளைப் பற்றியே பேசினாள். "உங்கமேல எவ்ளோ மரியாத பாருங்க அந்தப் பொண்ணுக்கு" என்றாள்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு மதியம், யாரிடமும் சொல்லாமல் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். இதை மட்டும் நம்புங்கள். படியேறும்போது வாக்கியங்களை அடுக்கிக்கொண்டேன். "தமிழ்ச்செல்வி, நான் முதல்வரிடம் பேசவேயில்லை." அவ்வளவுதான். ஒரு வரி.

உணவு நேரம். கடையில் கூட்டமில்லை. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"வாங்க சார். தனியாவா வந்தீங்க? என்னா சார், சொல்லுங்க."

சொல்லுங்க என்றாள். அவளே கதவைத் திறந்து வைத்தாள். வேறு யாரும் அருகில் இல்லை.

"ஒரு துண்டு வேணும்மா" என்றேன். "வெள்ளைத் துண்டு."

"இவ்ளோதானா? இதுக்கா சார் மாடியேறி வந்தீங்க? கீழயே இருக்குமே!" என்று சிரித்தபடி அவளே கீழே இறங்கிப் போய் எடுத்து வந்தாள். விரித்துக் காட்டினாள். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, மடித்து, பையில் போட்டாள்.

"வேற எதுனா சார்?"

"இல்லம்மா" என்றேன்.